நாளைக்கு என்று சொல்லாத மனிதர்

அவரிடம் ஒரு உதவி கேட்க நாங்கள் பயப்படுவோம். செய்யமாட்டார் என்ற பயம் அல்ல. கேட்ட நிமிடமே தொடங்கிவிடுவார் என்ற பயம்.

ஒரு மழைநாள் பின்னேரம், வேலை முடிந்து அவருடைய வான் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் வாடகை வீட்டுக் கூரையில் ஒரு தகரம் கழன்று ஒழுகுகிறது என்று எங்களோடு இருந்த மாஸ்டர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். வீட்டு வாசலில் வான் நின்றது. நாங்கள் இறங்கிச் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் அவர் ஏணியைச் சாத்திவிட்டு மேலே போய்விட்டார். அறுபதைத் தாண்டிய மனிதர். அரைக்காற்சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை, வாயில் ஆணிகள். மாஸ்டர் கீழே நின்று குடையை ஆட்டி ஆட்டிக் கத்தினார்.

"ஐயோ, விழப்போறியள்! இறங்குங்கோ, நாளைக்குப் பாப்பம்!"

ஆணிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவர் கூரையிலிருந்து பதில் சொன்னார், தமிழில்.

"இண்டைக்கு!"

அந்தச் சொல்லை எங்களிடமிருந்துதான் பிடித்திருந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் இரண்டு. மற்றது, "சாப்பிட்டியா?"

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஊரில் கலவரத்துக்குப் பிறகு ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்த யாழ்ப்பாணத்து ஆண்கள் சிலர், மனுகாவ் பக்கம் ஒரு பழைய மரவீட்டில் ஒன்றாக இருந்தோம். புக்கெகோஹியில் ஒரு தோட்டத்தில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் தரம் பிரித்துச் சாக்கில் போடும் வேலை. எங்களை ஏற்றி இறக்குவதற்குத் தோட்டக்காரர் வைத்திருந்த சாரதிதான் அவர். மாஸ்டர் ஊரில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே எல்லோரையும் போல வெங்காயம் பொறுக்கினாலும் எங்களுக்கு அவர் மாஸ்டர்தான். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு லொறிகளில் மூட்டை ஏற்றப் போனவன். அக்காவின் புருஷன் இங்கே வேலையாக இருந்தபடியால் வந்து சேர்ந்தேன். நாலு பேர் கூடினால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான்.

அவரைக் கனடா ஐயா என்று கூப்பிடுவோம். வெள்ளைக்காரர்கள் சிலர் அவர் பேசுவதைக் கேட்டு அமெரிக்கரா என்று கேட்பார்கள். "இல்லை" என்பார். வேறு எதுவும் சொல்லமாட்டார். கனடாவில் பிறந்து, இரண்டாம் உலகப் போருக்குப் போய், சண்டை முடிந்து பல வருடங்கள் அலைந்து, ஒரு நியூசிலாந்துப் பெண்ணைக் கட்டி இங்கே தங்கியவர். மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை.

காலையில் நாங்கள் வெளிக்கிட முன்பே வான் வாசலில் நிற்கும். எவ்வளவு முந்தி எழும்பினாலும் சரி, யன்னல் சீலையை விலக்கினால் அது நிற்கும். ஹோர்ன் அடிக்கமாட்டார். இன்ஜினை ஓடவிட்டபடி இருப்பார். வானுக்குள் ஒரு மரப்பெட்டி. அதற்குள் பாண், பட்டர், அவித்த முட்டை. ஏறுகிறவனின் முகத்தைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்பார். சாப்பிடாமல் வந்துவிட்டுச் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னால் எப்படியோ அவருக்குத் தெரிந்துவிடும். வான் நகராது.

"இந்த மனுசன் எங்கட அம்மாமாரிலும் மோசம்," என்பார் மாஸ்டர், முட்டைக் கோதை உடைத்துக்கொண்டே.

எங்கள் ஆட்களுக்கு எல்லாமே நாளைக்குத்தான். கடிதம் போடுவது நாளைக்கு, பல் வைத்தியரிடம் போவது நாளைக்கு, இங்கிலிஷ் வகுப்பில் சேருவது நாளைக்கு. பின் இருக்கையில் யார் அந்தச் சொல்லைச் சொன்னாலும் முன்னாலிருந்து "இண்டைக்கு!" என்று சத்தம் வரும். வான் முழுக்கச் சிரிக்கும். சில நாட்களில் அவரைச் சீண்டுவதற்காகவே யாராவது "நாளைக்கு" என்று இழுத்துச் சொல்வார்கள். ஒருமுறை மாஸ்டர் தன் மனுசிக்கு ரெலிபோன் எடுப்பதை நாளைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னதற்காக, வானை நேரே நகரத் தபால் கந்தோருக்கு விட்டுவிட்டார். தொலைபேசிக் கூண்டுக்குள் மாஸ்டரைத் தள்ளாத குறையாக அனுப்பிவிட்டு வெளியே காவல் நின்றார். மாஸ்டர் திரும்பி வரும்போது மூக்கைச் சீறிக்கொண்டு வந்தார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

அவருக்கு இடது காது கேட்காது. முன் இருக்கையில் அந்தப் பக்கம் யார் இருந்தாலும் சத்தமாகக் கதைக்கவேண்டும். கதைக்காத ஆள் நான் என்றபடியால் அந்த இடம் எனக்கென்று ஆகிவிட்டது. என் இங்கிலிஷ் குறைவு என்று தெரிந்து, சின்னச் சின்னச் சொற்களாக, மெல்ல மெல்லக் கதைப்பார். கெட்டிக்காரர்களுக்குச் சொல்லாததை எனக்குச் சொல்லியிருக்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. அவர் சொன்னதையெல்லாம் என் தமிழில்தான் எழுத முடியும்.

அவர் இருந்தது கனடாக் காலாட்படை டிவிஷன் ஒன்றில். அதன் இலக்கத்தைச் சொல்லமாட்டார், "எங்கட டிவிஷன்" என்பார். நான் என்ற சொல் அந்தக் கதைகளில் மிகக் குறைவு. தோளில் சிவப்புத் துணி ஒரு துண்டு, எழுத்து ஒன்றும் இல்லாமல், வெறும் சிவப்பு. அதுதான் அவர்களின் அடையாளம்.

"சண்டைக்கெண்டு கப்பல் ஏறினம். இங்கிலாந்தில இறக்கிவிட்டு, வருசக்கணக்கா உருளைக்கிழங்கு உரிக்க விட்டினம். இப்ப உங்களோட இங்க. என்ர சீவியம் உருளைக்கிழங்கோட எண்டு எழுதியிருக்கு."

பிறகு சிசிலி. தூசியும் வெயிலும். வாகனங்கள் கப்பலோடு கடலுக்குள் போய்விட்டதால் நடை. பிறகு இத்தாலியில் கடலோரத்து ஊர் ஒன்று. தெருவில் கால் வைத்தால் சுடுவார்கள். அதனால் தெருவில் போகவில்லை. ஒரு வீட்டின் சுவரை வெடிவைத்து உடைத்து அடுத்த வீட்டுக்குள் போனார்கள். அங்கேயிருந்து அதற்கடுத்த வீடு. அப்படியே ஒரு தெருவை முடித்தார்கள். காது போனது அங்கேதான்.

"ஒரு சுவரில கலியாணப் படம் தொங்கினது. படத்தைக் கழற்றிக் கட்டில்ல வைச்சுப்போட்டுத்தான் சுவரை உடைச்சம். வீடு மிஞ்சேல்ல. படத்துக்கு என்ன நடந்ததோ."

அந்தச் சண்டைக்கு நடுவில் நத்தார்ப் பண்டிகை வந்தது. பின்னால் ஒரு தேவாலயத்தில் மேசை போட்டு, வெள்ளைச் சீலை விரித்து, ஒவ்வொரு கூட்டமாகச் சண்டையிலிருந்து கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்தார்களாம். சாப்பிட்டுவிட்டுத் திரும்பச் சண்டைக்கு. ஒருவர் ஓர்கன் வாசித்தாராம்.

"எனக்குப் பக்கத்தில இருந்தவன் புடிங்கைத் தாளில சுத்திப் பொக்கற்றுக்குள்ள வைச்சான். நாளைக்குச் சாப்பிடுறன் எண்டான்."

ரயில் கடவை மூடியிருந்தது. வான் நின்றால் அவருக்குப் பொறுக்காது. ரயில் போகும்வரை ஸ்டியரிங்கை விரல்களால் தட்டிக்கொண்டேயிருந்தார்.

இவ்வளவு அவசரக்காரர் ஒரே ஒரு காரியத்தை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின.

எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு மூலைக்கடை இருந்தது. இங்கே டெயரி என்பார்கள். பால், பாண், பேப்பர் விற்கும் கடை. நடத்தியவர் ஐம்பது வயது கடந்த ஒல்லாந்துக்காரப் பெண். மாஸ்டருக்கு அவரோடு பகிடி. "உங்கட ஆக்கள் எங்கட ஊரில கட்டின கோட்டை இன்னும் நிக்குது. திறப்பு ஆரிட்டை?" என்று கேட்பார். அவரும் மேசை லாச்சியைத் திறந்து சாவி தேடுவது போலப் பாவனை செய்து, "நேற்றுவரை இங்கதான் கிடந்தது" என்பார். கடையில் பாண் மிஞ்சினால் எறியமாட்டார். வெட்டிக் காயவைத்துத் தானே சாப்பிடுவார்.

கனடா ஐயா பின்னேரங்களில் அந்தக் கடை வாசலில் வானை நிறுத்துவார். இறங்கமாட்டார். "தம்பி, எனக்குப் புகையிலை, ஒரு பாண்," என்று என்னை அனுப்புவார். இறங்கி நாலு எட்டு வைத்தால் கடை. முதலில் கால் நோவாக்கும் என்று நினைத்தேன். கூரையில் ஏறுகிற மனிதருக்கு என்ன கால் நோ?

ஒருநாள் பாணை வாங்கும்போது என் கையிலிருந்து அது நழுவி விழுந்துவிட்டது. கடைக்காரம்மா குனிந்து எடுத்து, துடைத்து, அதைத் தனக்கு வைத்துக்கொண்டு எனக்கு வேறொன்று தந்தார். தந்துவிட்டு, கேளாமலே சொன்னார். சண்டையின் கடைசிக் குளிர்காலத்தில் அவருடைய நாட்டில் சனம் பூச்செடிக் கிழங்கை அவித்துத் தின்றதாம். கனடாப் படை வந்தது. ஆனால் அவர்களுடைய ஊருக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு கோட்டில், நின்றுவிட்டது. பல நாள் நின்றது. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் லொறிச் சத்தம் கேட்குமாம்.

"என்ர தம்பி அந்த நாட்களிலதான் செத்தவன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த ஆளுக்குப் பேப்பர் எடுத்துக் கொடுக்கத் திரும்பிவிட்டார்.

நான் வானுக்கு வந்து பாணைக் கொடுத்தேன். என் முகத்தில் என்ன கண்டாரோ, "சொல்லிட்டாவா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் இன்ஜினை நிறுத்தினார். அவர் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் அன்று மேலதிக வேலைக்கு நின்றிருந்தார்கள். வானில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்தக் கடைக்கு முன்பு அவரும் போய்வந்தவர்தான். இந்தப் பெண் கடையை வாங்கிய புதிதில், இவர் பாலை எடுத்துக்கொண்டு நின்றபோது, அந்த அம்மா வேறு யாருக்கோ அதே கதையைச் சொன்னார். இவர் பாலை மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகு உள்ளே போகவில்லை.

"அந்தக் கோட்டில நிண்டது எங்கட டிவிஷன்," என்றார். "காது போனபிறகு என்னை லொறி ஓட விட்டினம். கோட்டுக்கு அந்தப் பக்கம் சனம் பட்டினி. இந்தப் பக்கம் என்ர லொறி, நிறையச் சாப்பாட்டோட. பெரியாக்கள் எதிரியோட கதைச்சுக்கொண்டிருந்தினம், சண்டையில்லாமல் சாப்பாட்டை உள்ளுக்கு விட. அதுவரைக்கும் நில் எண்டு கட்டளை. ஒருநாள் ஒரு பெட்டை வந்தாள். வெள்ளம் நிண்ட வயலுக்குள்ளால, இடுப்புவரைக்கும் நனைஞ்சு, கையில ஒரு சட்டி. எனக்கு அவையின்ர பாஷையில தெரிஞ்சது கொஞ்சம். 'நாளைக்கு' எண்டு சொன்னன். அடுத்த நாளும் வந்தாள். நாளைக்கு எண்டன். பிறகு அவள் வரேல்ல."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ லொறியில வேலை செய்தனி. தார்ப்பாய் கட்டுற முடிச்சு தெரியுந்தானே?"

"ஓம்," என்றேன். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் கழன்றுவிடும் முடிச்சு அது. லொறிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அதுதான்," என்றார்.

அந்தப் பெட்டை இந்த அம்மாவோ என்று கேட்டேன். இல்லை, முகம் வேறு என்றார். ஆனால் இவரும் அந்தப் பக்கத்துச் சனம். இவருடைய தம்பியும் அந்தப் பக்கத்துப் பிள்ளை.

"அவவிட்டைச் சொல்லுங்கோவன்," என்றேன்.

"சொல்லவேணும்," என்றார்.

எப்போது என்று சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். அந்த ஒரு சொல் அன்று வரவேயில்லை. வானை எடுத்தார்.

அடுத்த தைப்பொங்கலுக்கு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்தோம். ஆக்லாந்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்தால்கூட மண்டபம் பாதிதான் நிரம்பும். ஆனாலும் எங்கள் ஆட்கள் ஒரு மேடையும் மைக்கும் கண்டால் யாருக்காவது பொன்னாடை போர்த்தாமல் விடமாட்டார்கள். மாஸ்டர் ஊரில் எத்தனையோ கூட்டங்களில் தலைமை தாங்கியவர். இங்கே வந்தபிறகு அவரிடம் ஒருவரும் பேச்சுக் கேட்கவில்லை. அந்தக் குறை அவருக்கு இருந்தது.

"கனடா ஐயாவுக்குத்தான் இந்த முறை பொன்னாடை," என்றார் என்னிடம். "எங்களை எங்கட சொந்தக்காரர்கூட இப்படிப் பார்த்ததில்லை."

"அவருக்கு அது பிடிக்காது மாஸ்டர். வேண்டாம்."

"உனக்கு விளங்காதடா தம்பி. பெரிய மனுசர் எல்லாரும் வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம். அதுக்காக விடுறதே? வேண்டாம் எண்டவருக்குப் போர்த்திறதுதான் மரியாதை."

நான் மறுபடியும் வேண்டாம் என்றேன். மாஸ்டர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவருடைய மனதில் அந்த மரியாதைக்கு வேறொரு சோடனையும் இருந்ததை யாருக்கும் சொல்லவில்லை. கடைக்காரம்மா அவருக்கும் சண்டைக் கதை சொல்லியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டது பட்டினியையும், கனடாப் படை வந்ததையும், சனம் பூவெறிந்ததையும் மட்டும். நடுவில் கோடு ஒன்று இருந்ததை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்குக் கனடா ஐயா எல்லோருக்கும் முதல் வந்து கதிரைகளை அடுக்கினார். பொங்கலைச் சுடச்சுட வாங்கிச் சாப்பிட்டார். மாஸ்டர் மைக்கில் அவரைக் கூப்பிட்டபோது, கதிரை ஏதோ உடைந்துவிட்டதாக்கும் என்று நினைத்து ஓடிவந்தார். மேடையில் நிறுத்திவிட்டு மாஸ்டர் பேசினார். தமிழில் கொஞ்சம், இங்கிலிஷில் கொஞ்சம். கடைசியில் குரலை உயர்த்தினார்.

"பட்டினியால் வாடிய ஒல்லாந்து மக்களுக்கு உணவோடு ஓடிச்சென்ற கனடாப் படையின் வீரர் இவர்! அந்த மக்களில் ஒருவரே இன்று இவருக்குப் பொன்னாடை போர்த்துவார்!"

பின்வரிசையிலிருந்து கடைக்காரம்மா எழுந்து வந்தார். நீலச் சட்டை போட்டிருந்தார். சந்தனக் கிண்ணத்தோடு மேடையோரம் நின்ற என்னிடம்தான் தட்டில் வைத்த சால்வையும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் கனடா ஐயாவுக்கு முன்னால் போய் நின்றார். மாஸ்டர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டதால் அவர்கள் பேசியது சபைக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

"நீங்கள் கனடாவா? என்ர கடை வாசல்ல வந்து நிக்கிற வானில் இருக்கிறது நீங்கள்தானே?"

"ஓம்."

"தோளில என்ன நிறம்?"

"சிவப்பு."

சால்வை அவர் கைகளில் விரிந்தபடி அப்படியே நின்றது.

"அப்ப, கோட்டில நிண்டது."

"நிண்டனான்," என்றார் அவர். "என்ர லொறி நிறைய இருந்தது."

மாஸ்டர் கைகாட்டினார். சபை கைதட்டியது. கடைக்காரம்மா கைதட்டுகிறவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு அவருடைய இரண்டு தோள்களிலும் சால்வையைப் போட்டு, விளிம்பை இழுத்து நேராக்கிவிட்டார். மேசைக்குச் சீலை விரிக்கிற மாதிரி.

"உங்களோட கதைக்கவேணும். இண்டைக்கு," என்றார் கனடா ஐயா. கடைசிச் சொல்லைத் தெரியாத்தனமாகத் தமிழில் சொல்லிவிட்டு, திருத்தி மறுபடி சொன்னார்.

"இல்லை," என்றார் கடைக்காரம்மா. "நாளைக்கு. கடைக்கு வாங்கோ."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெங்காய அறுவடைக் காலம் என்பதால் எங்களுக்கு வேலை. வான் வழமைபோல முந்தியே வந்தது. எங்களை ஏற்றிக்கொண்டு நேரே கடை வாசலில் நின்றது. கடை ஞாயிற்றுக்கிழமையும் விடியமுன் திறந்துவிடும். அன்று பூட்டிக் கிடந்தது. பேப்பர்க்கட்டு வாசலில் அவிழ்க்காமல் கிடந்தது.

அவர் இன்ஜினை நிறுத்தினார்.

வெயில் ஏறியது. பேப்பர் வாங்க வந்தவர்கள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைக்கு மேல் வீட்டின் யன்னல் சீலை ஒருதரம் அசைந்தது. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.

"ஐயா, வேலைக்குப் பிந்துது," என்றார் மாஸ்டர், மெதுவாக.

அவர் சாவியைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் போட்டார்.

"மாஸ்டர், உங்கட பொன்னாடையால எங்கட ஒருநாள் சம்பளம் போச்சு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"வாயை மூடடா," என்றார் மாஸ்டர். அவருக்கு அதற்குள் நான் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் பசி. மரப்பெட்டி காலடியில்தான் இருந்தது. அன்றைக்குச் சாப்பிட்டியா என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் பெட்டியைத் திறக்கவில்லை.

மத்தியானத்துக்குக் கிட்ட, கடைக்கதவு திறந்தது. அவர் இறங்கிப் போனார். கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் மேசை, இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் கடைக்காரம்மா. கடைக்காரம்மா ஏதோ கேட்டார். அவர் பேசினார், கனநேரம். பிறகு ஒரு பாணை எடுத்துக் காசு கொடுத்தார். கடைக்காரம்மா எல்லோரிடமும் வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு மிச்சம் கொடுத்தார். அவர் வந்து ஏறிப் பாணை என் மடியில் வைத்தார்.

"என்ன கேட்டவ?" என்றேன்.

"லொறியில என்னென்ன இருந்தது எண்டு கேட்டா. எல்லாத்தையும் சொல்லச் சொன்னா." அவர் கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. "மா. மாஜரின். தகரத்தில இறைச்சி. பால்மா. சீனி. சொக்கலேட்டும் இருந்ததோ எண்டு கேட்டா. இருந்தது எண்டன்."

"அதுக்கு என்ன சொன்னவ?"

"பாண் வேணுமோ எண்டு கேட்டா."

அன்றிலிருந்து அவரே கடைக்குள் போகத் தொடங்கினார். தினமும் ஒரு பாண். காலை வணக்கம், பின்னேர வணக்கம், மழையைப் பற்றி ஒரு வார்த்தை. அவ்வளவுதான். உள்ளே போகும்போது நிமிர்ந்து போவார், வரும்போது கொஞ்சம் குனிந்து வருவார். ஏதோ ஒன்றுக்காக ஒவ்வொரு நாளும் காத்திருந்தார் என்று எனக்குத் தோன்றும். திட்டினால்கூட அவருக்குப் போதுமாக இருந்திருக்கும். பொன்னாடையை மடித்து வானில் வைத்திருந்தார். பாண்பெட்டியைத் தூசி படாமல் அதனால் மூடுவார். மாஸ்டர் அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறகு எந்தக் கூட்டத்திலும் அவர் மைக்கைத் தொடவில்லை.

ஒருவருடத்துக்கு மேல் இப்படிப் போனது.

ஒரு குளிர்காலக் காலையில் யன்னல் சீலையை விலக்கினேன். வாசலில் வான் இல்லை. நான் மாஸ்டரை எழுப்பினேன். அவரும் வந்து பார்த்தார். நாங்கள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கேற்றடியில் போய் நின்றோம். வேலைக்கு இன்னும் நேரம் இருந்தது. வேறொரு சாரதி என்றால் பிந்திவிட்டார் என்றே சொல்லமுடியாது.

"ஏதோ நடந்திட்டுது," என்றார் மாஸ்டர்.

கனடா ஐயாவின் இதயம் நின்றிருந்தது. குசினியில், கேத்திலுக்குப் பக்கத்தில், வேலைக்கு உடுத்தபடி கிடந்தாராம். மரப்பெட்டியில் அவித்த முட்டைகள் இருந்தன.

சவ அடக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சப் பேர். தோட்டக்காரர், பழைய படைவீரர்கள் சிலர், நாங்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைக்காரம்மா எங்களுக்கு முதலே வந்து நின்றார். மாஸ்டர் பொன்னாடையைப் பெட்டியின் மேல் விரித்தார். பெட்டி இறங்கியது. ஆட்கள் கலையத் தொடங்கியபோது கடைக்காரம்மா என் பக்கம் வந்தார்.

"அவரிட்டைச் சொல்லாத ஒண்டு இருக்கு," என்றார். "நீதானே அவருக்குப் பக்கத்தில இருந்தனி. நாளைக்குக் கடைக்கு வா, சொல்லுறன். இப்ப எனக்குக் களைப்பு."

நான் ஒருவருக்கும் எதிர்த்துப் பேசாதவன். சரி என்று தலையாட்டத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"இண்டைக்கு," என்றேன். பிறகு அவருக்கு விளங்கும்படி இங்கிலிஷில் சொன்னேன்.

கடைக்காரம்மா குழியைப் பார்த்தபடி சொன்னார்.

"என்ர தம்பி கடைசி நாட்களில கண் திறக்கேல்ல. ஒரு பின்னேரம் காற்று மாறி, லொறிச் சத்தம் கேட்டது. நிறைய லொறி. அவன் கண்ணைத் திறந்தான். 'வந்திட்டினம்' எண்டான். சிரிச்சான். அந்தச் சிரிப்போடதான் போனான். அவனுக்கு அவை வரேல்ல எண்டு தெரியாது. அவனுக்கு அவை வந்திட்டினம்."

கைக்குட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு தொடர்ந்தார்.

"பொன்னாடைக்கு அடுத்த நாள் காலமை நான் மேல நிண்டு யன்னல் சீலைக்குப் பின்னால அவரைப் பாத்துக்கொண்டிருந்தன். ஒரு காலமை அவரும் காத்துக்கொண்டிருக்கட்டும் எண்டு. அது சரியோ பிழையோ. அதுக்குப் பிறகு இதைச் சொல்லவேணும் எண்டு நினைச்சன். ஒவ்வொரு நாளும் அவர் பாணோட வெளிய போவார். நாளைக்குச் சொல்லுவம் எண்டு விட்டிட்டன்."

பக்கத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சொல்லி முடித்தபோது அதுவும் நின்றது. இதைக் கேட்டிருக்க வேண்டியவரின் மேல் மண்ணைப் போட்டு முடித்திருந்தார்கள்.